பார்த்துக் கொடுத்தல்

உத்தமபாளையம்
3.6.2024

ரிஸ்வானா பாப்பாவுக்கு,

கருப்பு மாமா எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இப்போது கோபமாக இருக்கிறேன்.

போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் எனக்கு முன்னால் என் வாய் பேசிவிடுகிறது. எழுத்தில் என்றால் நிறுத்தி நிறுத்திப் போகலாம். பதிவுத் தபாலில் அனுப்புவது, வாங்கிக்கொண்டேன் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை நம் காம்பவுண்டில் ஆறாம் நம்பர் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. காலை ஏழு மணிக்குக் குனிந்தவன் பதினொன்றரைக்கு நிமிர்ந்தேன். உனக்குப் போன் போட்டேன்.

"சரியாயிருச்சா மாமா, எவ்வளவு ஆச்சு?" என்றாய்.

"பாத்துக் குடு பாப்பா" என்றேன்.

"சென்னையில இருந்துக்கிட்டு நான் என்னத்த மாமா பாக்க? போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டுக் குடுக்குறேன்" என்றாய்.

போன் நின்றுபோனது. சிக்னல் போய்விட்டதென்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாக இருந்தது.

பதினான்கு வீடு, பத்தொன்பது வருஷம். இந்த வார்த்தையை உன் அத்தாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஜெய்லானி மச்சான் ஒரு நாள்கூடக் குனிந்து சாக்கடையைப் பார்த்தது கிடையாது. சட்டைப்பையில் கையை விடுவார். எண்ணாமல் மடிப்பார். என் பையில் செருகுவார். நானும் அவர் முன்னால் எண்ணமாட்டேன். டீக்கடை வரை போய்த்தான் எண்ணுவேன். சில நாள் அதிகம் இருக்கும், சில நாள் குறைவாக இருக்கும். குறைவாக இருந்த நாள்தான் நிறைய. அது வேறு விஷயம்.

'பாத்துக் குடுங்க' என்றால் வேலையைப் பார்ப்பது இல்லை பாப்பா. ஆளைப் பார்ப்பது. அவர் போய் இரண்டு வருஷத்தில் அவர் மகள் என்னிடம் போட்டோ கேட்கிறாள்.

நீ பார்க்க ஆசைப்பட்டதால் சென்னை பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். ஒரு வருஷமாக நான் கழற்றிய சாமான் எல்லாம் அதில் இருக்கிறது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். நன்றாகப் பார்.

நீ நலமா. உன் அம்மாவுக்கு, என் தங்கச்சிக்கு, முழங்கால் வலி எப்படி இருக்கிறது.

சின்னக்கருப்பு


சென்னை
8.6.2024

கருப்பு மாமா,

பதிவுத் தபால் வந்தபோது நான் ஆபீஸில். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். கோர்ட்டிலிருந்து என்று நினைத்து, பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, நான் வரும்வரை அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். முழங்கால் பரவாயில்லை. நெஞ்சுதான் அன்று படபடப்பு.

பார்சலும் வந்தது. வாஷர் முப்பத்தொன்று. எரிந்த சுவிட்ச் நான்கு. பாதி மிதவை. பெயர் தெரியாத பித்தளைச் சாமான்கள். கடைசியாக, செய்தித்தாளில் மடித்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பொட்டலம். ஊரிலிருந்து அல்வா என்று அம்மா பிரித்துவிட்டார்.

ஆறாம் நம்பர் வீட்டு முடி.

"கருப்பண்ணனுக்குக் கொழுப்பு கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மூன்று முறை கழுவினார். அப்புறம் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போட்டோ கேட்டது தவறு. சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. 'பார்த்து' என்றால் பார்த்து என்று நினைத்துவிட்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். நாலாயிரத்து இருநூறு பேருக்குச் சம்பளம் கணக்கிடும் பிரிவு. அவர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை. திரையில் எண்ணாக வருகிறார்கள், எண்ணாகப் போகிறார்கள். யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. எண் இல்லாத ஒரே ஆள் நீங்கள்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு வேலைக்கும் நானாக ஐந்நூறு அனுப்புகிறேன். ஒரு வாஷருக்கும் ஐந்நூறு. நாலரை மணி நேரச் சாக்கடைக்கும் ஐந்நூறு. அது குறைவா அதிகமா, தெரியாது. "வந்துச்சு பாப்பா" என்பீர்கள். போனை வைத்த பிறகு அந்த 'வந்துச்சு'வை மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததா. இல்லை, சளியா.

ஒரு எண் சொல்லுங்கள் மாமா. மாதத்துக்கு இவ்வளவு என்று. எண் இல்லாமல் எனக்கு ஒழுங்காக வருத்தப்படக்கூடத் தெரியவில்லை.

ரிஸ்வானா


உத்தமபாளையம்
12.6.2024

பாப்பாவுக்கு,

பொட்டலத்தின் மேல் 'ஆறாம் நம்பர்' என்று எழுதித்தான் கொடுத்தேன். பஸ்ஸில் அழிந்திருக்கும். தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

எண் கேட்டாய். இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று எழுதினேன், அடித்தேன். வேறொன்று எழுதினேன், அதையும் அடித்தேன். என் சம்சாரம் பாண்டீஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, பரீச்சையா எழுதுறீக?" என்றாள்.

என் கஷ்டம் உனக்குப் புரியுமா தெரியவில்லை. நான் ஒரு தொகை சொல்கிறேன் என்று வை. நீ உடனே சரி என்றால், பத்தொன்பது வருஷம் ஏமாந்திருக்கிறேன் என்று அர்த்தம். முடியாது என்றால், இன்றைக்கு ஏமாந்தேன் என்று அர்த்தம். சொல்லாமல் இருந்தால் ஒன்றும் அர்த்தம் இல்லை. அந்தச் சௌகரியத்தில்தான் இத்தனை வருஷம் ஓடியது.

இதைப் பாண்டீஸ்வரியிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

"மாமன் மச்சான்னு சொல்லிச் சொல்லியே பதினாலு வீட்டுக் குழாயையும் உங்களை மாட்ட வச்சுட்டாக. வாய் நெறைய மொற வச்சுக் கூப்புட்டா, கை நெறையக் குடுக்க வேணாம் பாருங்க."

"மச்சான் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல ஆத்தா."

"அவுக நல்லவுகதான். நல்லவுகளுக்குத்தான் சல்லிசா வேல பாக்கீக."

இன்னொரு சேதி. குமுளியில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற சேட்டன் ஒருவர் இருக்கிறார். எட்டு அறை. என்னைப் பற்றி யாரோ சொல்லி வரச் சொன்னார். போனேன். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மாசம் பதினாலாயிரம், ஊணு, முறி" என்றார். சாப்பாடும் தங்க அறையும். முழுசாக ஒரு நிமிஷம் ஆகவில்லை. அவர் எனக்கு எந்த உறவுமுறையும் இல்லை. அதனால் சொல்ல முடிகிறது.

ஜூலை ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் பத்தொன்பதாம் தேதியிலிருந்து மூன்று நாள் வந்து வேலை செய்து பார் என்கிறார். சரி என்று வந்திருக்கிறேன்.

நீயே ஒரு தொகை சொல்லேன். படித்தவள்தானே.

சின்னக்கருப்பு


சென்னை
15.6.2024

மாமா,

குமுளி என்ற இடத்துக்குப் பிறகு உங்கள் கடிதத்தை என்னால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை.

கோபமா, பயமா. பிரித்துப் பார்த்தேன். பயம் அதிகம். பயத்தோடு ஒரு காரியம் செய்தேன். கணக்குப் போட்டேன்.

ஏழாம் நம்பர் வீடு. நீங்கள் இருப்பது. இன்றைய வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. பன்னிரண்டு மாதம். பத்தொன்பது வருடம். பத்து லட்சத்து இருபத்தாறாயிரம். அதை நாங்கள் வாங்கியதில்லை. கேட்டதும் இல்லை. அதுவும் ஒரு சம்பளம்தான் இல்லையா.

சேட்டன் கொடுக்கும் 'முறி' கணக்கில் வருகிறது. அத்தா கொடுத்த வீடு கணக்கில் வரவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எழுதாதடி" என்றார். எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்தால் அடித்தது தெரியும்.

வீட்டைக் கழித்து மீதி என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்.

ரிஸ்வானா


உத்தமபாளையம்
18.6.2024

உயர்திரு வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

ஏழாம் எண் வீட்டில் இருப்பவன் வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கணக்கு கிடைத்தது. நான் குடிவந்தபோது வாடகை எண்ணூறு ரூபாய். தாங்கள் பத்தொன்பது வருஷத்துக்கும் நாலாயிரத்து ஐந்நூறு போட்டிருக்கிறீர்கள். அது போகட்டும்.

ஏழாம் எண் வீட்டை எனக்கு ஏன் கொடுத்தார்கள் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தாங்கள் அப்போது ஏழாவதோ எட்டாவதோ படித்தீர்கள். அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. வந்தவர்களும் மாதம் முடிவதற்குள் ஓடினார்கள். காரணம், பதினான்கு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் சுவிட்சு அந்த வீட்டுக்குள் இருக்கிறது. கட்டும்போது கொத்தனார் செய்த கோளாறு. படுக்கிற அறையில், தலைமாட்டில் இருக்கிறது.

விடியற்காலை நாலே முக்காலுக்கு இரண்டாம் நம்பர்க்காரர் கதவைத் தட்டுவார், பால் வண்டிக்குப் போகிறவர். ஐந்தரைக்கு அனுசுயா டீச்சர். ஆறுக்குப் பொதுவாக எல்லாரும். தட்டாத நாள், சுவிட்சைப் போட்டுவிட்டு நான் தூங்கிப்போன நாள். அன்றைக்கு டேங்க் நிரம்பி வழிந்து, "மோட்டாரு, மோட்டாரு" என்று தெருவே கூப்பிடும். பத்தொன்பது வருஷத்தில் டிவியில் ஒரு படத்தையும் நான் கடைசி வரை பார்த்தது கிடையாது. எங்களுக்குக் கல்யாணமாகி வந்த புதிதிலும் அந்த வீடுதான். மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

இதற்குத்தான் வாடகை இல்லை என்று இருந்தது. தாங்கள் அதைச் சம்பளம் என்கிறீர்கள். சரி. அப்படியானால் நான் குடியிருப்பவன். குடியிருப்பவன் ஊருக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகலாம்.

நாளை காலை குமுளி போகிறேன். பாண்டீஸ்வரி தேவாரத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். வீடு பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
மு. சின்னக்கருப்பு


சென்னை
22.6.2024

மாமா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதில் இருந்த சேதி அதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது.

பத்தொன்பதாம் தேதி காலை. முதல் போன் ஐந்து மணிக்கு, இரண்டாம் நம்பர். எட்டு மணிக்குள் பதினொரு வீடு. அனுசுயா டீச்சர் மட்டும் மூன்று முறை.

"ரிஸ்வானா, பல்லு வெளக்கத் தண்ணி இல்ல. இன்னைக்கு ப்ரேயர்ல சுத்தத்தப் பத்தி நான்தான் பேசணும்."

"கருப்பு மாமாவுக்குப் போன் போட்டீங்களா டீச்சர்?"

"போட்டேன். நான் குடியிருக்கிறவன், ஓனரக் கேளுங்கன்னுட்டு வச்சுட்டாக."

தேனியிலிருந்து ஒருவரைப் பிடித்தேன். விஜய்ராஜ் என்று பெயர். போனில் நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவர் சொன்னார்: "மேடம், வந்து பாக்க ஐந்நூறு. வேலை தனி." வந்தார். உங்கள் வீட்டுக் கதவின் முன் நின்றார். எனக்குப் போன் செய்தார்.

"மேடம், சுவிட்சு உள்ள இருக்கு."

"தெரியும்."

"வெளிய பூட்டு இருக்கு."

"தெரியும்."

"அப்ப நான் கெளம்புறேன். ஐந்நூறு போட்டுருங்க."

போட்டேன். பத்து நொடி ஆனது. முகம் தெரியாத ஒருவருக்கு, பூட்டிய கதவைப் பார்த்ததற்கு. குறைவா அதிகமா என்று யோசிக்கவே இல்லை. அவர் குரலையும் மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை.

பூட்டை உடைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒன்பதாம் நம்பர்க்காரர் கடப்பாரையுடன் நின்றாராம். குடியிருப்பவர் வீட்டுப் பூட்டை உடைக்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் லாரித் தண்ணீர். லோடு ஆயிரத்து நானூறு. தேனிக்காரரையும் சேர்த்து நாலாயிரத்து எழுநூறு. பிறகு என் போனில் இரண்டு வருடம் பின்னால் போய், உங்களுக்கு அனுப்பியதைக் கூட்டினேன். சராசரி மாதத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு.

அந்த எண்ணை அம்மாவிடம் காட்டினேன்.

"அத்தா எவ்வளவும்மா குடுத்தாக?"

"அவுக கணக்கே வச்சுக்கிட்டதில்ல."

"ஏன்?"

"வச்சா தெரிஞ்சு போகும்ல."

பிறகு அம்மா டிவியைப் போட்டுக்கொண்டார்.

மாமா, வீட்டைக் கணக்கில் சேர்த்தது என் தப்பு. அறிவுகெட்டத்தனம். எழுதும்போதே தெரிந்தது.

உங்களிடம் எண்ணை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். எனக்கு வாஷரும் மோட்டாரும் தவிர எதுவும் தெரியாது. தெரியாததற்குக் காசு போட எனக்கு வரவில்லை.

குமுளி எப்படி இருந்தது. கேட்கக் கூடாதோ.

ரிஸ்வானா


உத்தமபாளையம்
25.6.2024

பாப்பாவுக்கு,

ஒன்பதாம் நம்பர்க்காரன் கடப்பாரையைப் பிடித்தான் என்பதை நம்ப முடியவில்லை. மூன்று மாதம் வாடகை பாக்கி வைத்திருப்பவன். இனி அவனுக்குத் தவணை கிடையாது.

குமுளி நன்றாகத்தான் இருந்தது. ஆறு மணிவரை தூங்கினேன். யாரும் தட்டவில்லை. தட்டாததால் இரண்டு தடவை நானாக எழுந்து கதவைத் திறந்து பார்த்தேன். சேட்டன் நல்ல மாதிரி. சாப்பாட்டில் தேங்காய் எண்ணெய். இரண்டாம் நாள் அவருடைய தம்பி வீட்டில் ஒரு குழாய் ஒழுகுகிறது என்று கூட்டிப்போனார். அது பேசிய வேலையில் இல்லை. முடித்ததும் எவ்வளவு என்று தம்பி கேட்டார். என் வாய் இருக்கிறதே.

"பாத்துக் குடுங்க."

அவர் குனிந்து குழாயை நன்றாகப் பார்த்தார். திருகித் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். ஐம்பது ரூபாய் கொடுத்தார்.

உன்மேல் இருந்த கோபம் அங்கன வைத்துப் பாதி போய்விட்டது. உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் அர்த்தம் செய்துகொள்கிறார்கள் போலிருக்கிறது. மச்சானும் நானும்தான் வேறு ஏதோ பாஷை பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வேலைகளை எழுதச் சொன்னாய். எது வேலை, எது வேலை இல்லை என்று எனக்கே தெரியவில்லை. தோன்றியபடி எழுதுகிறேன்.

மோட்டார் இரண்டு வேளை. குழாய், சுவிட்சு, ஃபியூஸ் கட்டை, தாழ்ப்பாள், சாக்கடை. மழைக்கு முன் மாடியைக் கூட்டுவது. இந்தக் காற்றுக் காலத்தில் டேங்க் மூடி பறக்கிறது. மூன்றாவது டேங்கின் மூடி ஆனியில் ஒரு தடவை, ஆடியில் இரண்டு தடவை பின்னால் இருக்கிற வாழைத் தோப்புக்குப் போகும். தோப்புக்காரர் சுருளி திருப்பித் தருவதற்கு முன் அரை மணி நேரம் தன் மருமகளைப் பற்றிப் பேசுவார். கேட்க வேண்டும். கேட்காமல் மூடி வராது.

வாடகை வசூல். ஆள் காலி செய்தால் சுவரில் ஆணி ஓட்டையை அடைத்து வெள்ளையடிப்பது. காலி வீட்டில் சாயங்காலம் லைட்டைப் போட்டு வைப்பது, இல்லாவிட்டால் பேய் வீடு என்று பேர் வந்துவிடும். மூன்றாம் நம்பருக்கும் நாலாம் நம்பருக்கும் துணி காயப்போடுகிற கொடியில் சண்டை. இரண்டு கொடி கட்டினேன். இப்போது எந்தக் கொடிக்கு வெயில் அதிகம் என்று சண்டை.

பன்னிரண்டாம் நம்பர் ராமுத்தாய் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, இவர்கள் பக்கம் ஆம்பளை ஆள் குறைவு என்று என்னைப் பெரியப்பாவாக உட்கார வைத்தார்கள். பஜ்ஜி கொடுத்தார்கள். இது வேலையில் சேருமா தெரியவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாண்டீஸ்வரி இதையெல்லாம் படித்துவிட்டு, இப்போது எதிரில் நிற்கிறாள். கரண்டி கையில்.

"தொகைய எழுதுங்க."

"எழுதுறேன் ஆத்தா."

"மோட்டாரு ரூம்புல பொறந்த மாதிரி இருபது வருசம் கெடந்தாச்சு. எழுதுங்க. எழுதாம இந்தத் தாள மடிச்சீகன்னா நானே குமுளி போயிருவேன், நீங்க இங்கன கெடங்க."

வீட்டு வாடகை தனி. அதை நீ பிடித்துக்கொள். சம்பளம் தனி.

மாதம் பத்தொன்பதாயிரம்.

எழுதிவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் தண்ணீர் தாகமாக இருக்கிறது.

ஒன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் சேட்டனுக்குச் சொல்ல வேண்டும். மறக்காதே.

கருப்பு மாமா


சென்னை
28.6.2024

கருப்பு மாமா,

இதைத் தபாலில் போடவில்லை. கம்பம் பஸ் டிரைவரிடம் கொடுக்கிறேன். கடிதத்துக்கும் அவர் தொகை சொல்லித்தான் வாங்கிக்கொள்கிறார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தேன். 'சரி' என்று ஒரே வார்த்தை எழுத வேண்டியிருந்தது. எழுதவில்லை. ஆபீஸுக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். இன்று எழுதுகிறேன்.

பத்தொன்பதாயிரம் கட்டுப்படியாகாது மாமா.

நீங்கள் எழுதிய வேலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். மோட்டார், பராமரிப்பு, வசூல், காலி வீட்டு விளக்கு எல்லாம் சரி. கொடிச் சண்டை தீரவில்லை என்பதால் முழு வேலையாக ஏற்க முடியாது. டேங்க் மூடிக்காகச் சுருளியிடம் கேட்கும் அரை மணி நேரம் ஒப்புக்கொள்ளப்படுகிறது. பெரியப்பாவாக உட்கார்ந்ததற்குத் தொகை இல்லை. பஜ்ஜியோடு கணக்கு நேர்.

பதினெட்டாயிரத்து ஐந்நூறு. அதற்கு மேல் என்னால் முடியாது.

மாதாமாதம் ஒன்றாம் தேதி உங்கள் கணக்கில் விழும். நான் மறந்தாலும் விழுகிற மாதிரி வங்கியில் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. தீபாவளிக்கு அரை மாதம், ரம்ஜானுக்கு அரை மாதம். மோட்டார் சுவிட்சை வெளியே மாடிப்படிக்குக் கீழே மாற்ற ஆள் பேசிவிட்டேன். தேனி விஜய்ராஜ்தான். இந்த முறையும் அவரே முதலில் தொகையைச் சொன்னார். ஆறாயிரத்து இருநூறு. அது என் செலவு.

அத்தா காலத்துப் பதினேழு வருடத்துக்கு என்னிடம் எண் இல்லை. எதை எழுதினாலும் தப்பாக இருக்கும். என்னுடைய இரண்டு வருடத்துக்கு மட்டும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை இந்த வரியில் எழுதிவிட்டேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

"ஐந்நூறு ரூவாய்க்குப் பேரம் பேசுறியே. கருப்பண்ணன் மனசு என்ன பாடுபடும்?"

உங்கள் ஜூன் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை அம்மா படிக்கவில்லை. நான் படித்திருக்கிறேன்.

பதினெட்டாயிரத்து ஐந்நூறு மாமா. யோசித்துச் சொல்லுங்கள்.

ரிஸ்வானா


உத்தமபாளையம்
2.7.2024

பாப்பாவுக்கு,

கடிதம் இருபத்தொன்பதாம் தேதி காலை கைக்கு வந்தது. 'கட்டுப்படியாகாது' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பத்தொன்பது வருஷம் உழைத்தவனிடம் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம். காம்பவுண்டில் பதினான்கு வீட்டுக்கும் போய் இதைச் சொன்னேன். அனுசுயா டீச்சர், "என்ன அநியாயம்" என்றார். இரண்டாம் நம்பர்க்காரர், "ஓனருன்னா அப்பிடித்தான்" என்றார். ரொம்பத் திருப்தியாக இருந்தது.

பாண்டீஸ்வரி மட்டும், "இவ்வளவு கோவத்துல எதுக்கு ரெண்டு தடவ காப்பி குடிச்சீக?" என்றாள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாயிரத்து ஐந்நூறுக்கு நான் ஆள் இல்லை. பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது. இதற்குக் கீழே ஒரு ரூபாய் இறங்கமாட்டேன். நேற்றுச் சாயங்காலம் சேட்டனைப் போனில் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ ஒப்புக்கொள்வதற்கு முன்னால் சொன்னது தப்புத்தான். ஆனால் கெடு நேற்றோடு முடிந்தது. எவ்வளவு கிடைக்கும் என்று அவர் கேட்டார். நானும் அவரைப் போலவே ஒரு நிமிஷத்துக்குள் தொகையைச் சொன்னேன். இது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது.

வாடகை போக பதினாலாயிரத்து இருநூற்றைம்பது கைக்கு வரும். குமுளியைவிட இருநூற்றைம்பது கூட என்று பாண்டீஸ்வரி விரல்விட்டு எண்ணினாள். அப்புறம், "வாங்குற காசுல எதுக்குத் திருப்பி வாடகை குடுக்கணும்? சும்மா இருந்த வீடுதான?" என்றாள். வாடகை கொடுத்தால் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்றேன். சரி என்றாள்.

விஜய்ராஜ் நேற்று வந்து சுவிட்சை மாற்றிவிட்டுப் போனான். வேலை சுமார். கிளிப்பைக் கோணலாக அடித்திருக்கிறான். ஆனால் ஆறாயிரத்து இருநூறு என்று சொல்லும்போது அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கண் சிமிட்டாமல் சொல்கிறான். கற்றுக்கொள்ள வேண்டிய பையன்.

இனி அலுவல். நாலாயிரத்து ஐந்நூறு இந்த மாத வாடகை இத்துடன் பணமாக வருகிறது. சம்பளத்தில் பிடிக்க வேண்டாம், கையில் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கிறது. ரசீது அனுப்பவும். ரசீதில் 'குடியிருப்பவர்' என்ற இடத்தில் இனிஷியலோடு பேர் இருக்க வேண்டும்.

வாடகை கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழாம் நம்பர் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒரு வருஷமாகச் சொட்டுகிறது. சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. பின்கதவுத் தாழ்ப்பாள் விழவே விழாது. இத்தனை நாள் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன்.

நீ சம்பளம் கொடுக்கிற ஆளைச் சீக்கிரம் அனுப்பவும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு அவனுக்கு லீவு.

மு. சின்னக்கருப்பு,
குடியிருப்பவர், வீட்டு எண் 7